வாய் தைத்த மூட்டை

வதனியின் வீட்டு நடு அறையில் ஒரு மூட்டை எப்போதும் மற்ற மூட்டைகளுக்குப் பின்னால்தான் நிற்கும். முன்னால் நிற்பதெல்லாம் சாப்பாட்டு நெல். பின்னால் நிற்பதும் பார்வைக்கு நெல்தான். அதே சாக்கு, அதே சணல் நூல், வாய்ப்பக்கத்தில் சாக்கூசியால் இழுத்துப் போட்ட அதே தையல். உள்ளே மட்டும் வேறு. பால்மா, சீனி, பருப்பு, மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, சவர்க்காரம் என்று ஒவ்வொன்றாக வைக்கோல் சுற்றி அடுக்கி வைத்திருந்தாள். பழுகாமத்தில் நெல்மூட்டையை யாரும் இரண்டாம் தரம் திரும்பிப் பார்ப்பதில்லை. அதை யோசித்துத்தான் செய்தாள்.

இதைக் கெட்ட புத்தி என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. நாட்டில் சாமான் ஒன்றும் கிடைக்காமல் போன அந்த வருடம் வதனி நின்ற வரிசைகளை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் கால் உளையும். ஒருநாள் வெயிலில் நின்று நின்று, அவளுடைய முறை வரும்போது கடைக்காரன் கதவை இழுத்துப் பூட்டினான். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவள் அன்றைக்கே ஒரு முடிவெடுத்தாள்: இனி ஒரு மாரிக்கும் ஒரு தட்டுப்பாட்டுக்கும் இந்த வீடு கையேந்தாது.

முதலில் எல்லாவற்றையும் குசினித் தட்டில் கண்ணுக்குத் தெரியத்தான் வைத்தாள். அது பெரிய பிழையாகப் போயிற்று. வந்த மச்சாள் பால்மாவில் ஒரு பக்கற் கேட்டாள், தங்கச்சி ஒரு பக்கற் கேட்டாள், சித்தப்பாவின் மருமகள் கேட்காமலே எடுத்தாள். எல்லோரும் "ஒண்டே ஒண்டுதானே" என்றார்கள். தட்டு துடைத்துவைத்த மாதிரி ஆனபிறகுதான் சாக்கு யோசனை வந்தது. புருஷன் அழகரத்தினத்துக்குக்கூட மூட்டை இருப்பது தெரியுமே தவிர அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. அந்த மனுஷன் வாய் திறந்தால் ஊருக்கே தெரிந்துவிடும், பிறகு வீட்டில் சாமான் மிஞ்சாது என்று அவள் சொல்லிச் சிரிப்பாள்.

கார்த்திகை மாதம் பிறந்ததும் மழை பிடித்தது. உன்னிச்சையில் இருந்த வயலைப் பார்க்கப்போன அழகரத்தினம் அங்கேயே மாட்டிக்கொண்டான். ரோட்டுக்கு மேலால் தண்ணீர் பாய்கிறது, பஸ் இல்லை, வெள்ளம் வடிய வாறன் என்று ஒருமுறை போன் எடுத்துச் சொன்னான். பிறகு போனும் எடுபடவில்லை, கரண்டும் போயிற்று. பிள்ளைகள் இருவரும் கொழும்பில் வேலையில் இருந்தார்கள். வீட்டில் வதனி தனி. தனி என்றாலும் அவளுக்குப் பயமில்லை. பின்னால் நிற்கிற மூட்டையை நினைத்தால் உள்ளே ஒரு தைரியம் வரும்.

அன்று பொழுதுபட விளக்கு வைத்துவிட்டுத் திரும்பினால், உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அன்னப்பூரணி வாசலில் நிற்கிறாள். பக்கத்து வளவுக்காரி. இவளைவிடப் பதினைந்து வயதாவது இளமை. புருஷன் உதயரூபன் வாவியில் வலை போடுவான், வேளாண்மைக் காலத்தில் கூலிக்கு மூட்டை சுமப்பான். அவர்களுக்கு இரண்டு வயதில் ஆர்த்திகா என்று ஒரு பெண்பிள்ளை.

"வதனியக்கா, பால்மா ஒரு பக்கற் இரிக்கா? கடையில முடிஞ்சி போச்செண்டு சொல்லுறான். புள்ளைக்குப் பாலில்லாத பிளேன்ரீயக் குடுத்தாத் துப்புது. தண்ணி வடிஞ்சி ரோட்டு வெளிச்ச உடன வாங்கித் தந்திடுவன்."

விளக்கு வைத்த பிறகு பாலும் உப்பும் வீட்டைவிட்டு வெளியே கொடுப்பதில்லை. அதைச் சொல்லியிருந்தால் அன்னப்பூரணி ஒன்றும் நினைத்திருக்கமாட்டாள், காலையில் வந்திருப்பாள். காலையில் வருவாளே என்பதுதான் வதனிக்குச் சிக்கல். ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்று இருப்பது தெரியும். ஒருத்திக்குத் தெரிந்தால் ஒழுங்கையில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் தெரியும். இதையெல்லாம் அவள் யோசித்துத்தான் சொன்னாள் என்றும் இல்லை. நாக்கு முந்திக்கொண்டது.

"ஐயோ, இல்லகா பூரணி. இரிந்தாத் தராம இரிப்பனா? நானும் காலையில இரிந்து பிளேன்ரீதான் குடிக்கன்."

கேட்டதற்கு ஒரு பொய் போதும். கேளாததற்கும் சேர்த்து ஒன்று சொன்னாள், அதுதான் வதனி.

"பிளேன்ரீ உங்களுக்கு நெஞ்செரியுமேயக்கா" என்றாள் அன்னப்பூரணி. கேட்டது கிடைக்காத முகத்தில் இவளுக்காக ஒரு கவலையும் வந்து உட்கார்ந்தது. "கவனமா இரிங்க. தண்ணி ஏறினா ஒரு சத்தம் போடுங்க, இவர் வருவார்."

அவள் போன பிறகு வதனி குசினிக்குள் போய், தனக்கென்று தகரப்பேணியில் எடுத்துவைத்திருந்த மாவில் பால்தேத்தண்ணி ஊற்றிக் குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது.

விடியும்போது தண்ணீர் முற்றத்தைத் தாண்டி முதல் படியில் நின்றது. மேலே குளங்களின் வான்கதவைத் திறந்துவிட்டார்களாம். சத்தம் போட வேண்டிய தேவையே இல்லாமல் ஆட்கள் வந்தார்கள். அந்த ஒழுங்கையில் அது வழமை: வெள்ளம் வந்தால் ஆர் பெரியவர், ஆர் சொந்தம் என்று பார்ப்பதில்லை. பள்ளமான வீட்டு நெல் முதலில் ஏறும். மேட்டு வீட்டுக்காரரும் வந்து தோள் கொடுத்துவிட்டுத்தான் தங்கள் வீட்டைப் பார்ப்பார்கள். ஒழுங்கையில் பள்ளமான வீடு வதனியுடையது. உதயரூபன் தோணியைக் கொண்டுவந்து வாசற்படியில் அணைத்தான். இன்னும் நாலைந்து பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள்.

"அக்கா, நீங்க உடுப்பையும் காணி உறுதியையும் எடுங்க. நெல்ல நாங்க பாக்கம்."

அப்போதுதான் வதனிக்கு அது உறைத்தது. இத்தனை வருடம் யோசித்து யோசித்து ஒளித்தவள், வெள்ளம் வந்தால் முதலில் தூக்குவது நெல்மூட்டையைத்தான் என்பதை யோசிக்கவில்லை. குசினிப் பானைக்குள் வைத்திருந்தால் அவளே கையோடு தூக்கிப் போயிருப்பாள், ஒருவரும் தொட்டிருக்கமாட்டார்கள்.

"பின்னால நிக்கிறது கிடக்கட்டும் தம்பி. அது பழைய பதர் நெல்லு" என்றாள்.

"பதரெண்டாலும் கோழிக்காகுமேயக்கா" என்று சொல்லிக்கொண்டே உதயரூபன் குனிந்து அதைத் தோளில் ஏற்றினான்.

ஏற்றியவன் அப்படியே நின்றான். நெல்மூட்டை தோளில் ஏறினால் உடம்போடு படிந்து கிடக்கும். இது படியவில்லை. ஒரு பக்கம் முனை குத்தியது, இன்னொரு பக்கம் சவர்க்கார வாசம் வந்தது. வருடம் முழுக்க மூட்டை சுமக்கிறவனுக்கு வேறு சாட்சி தேவையில்லை. அவன் வதனியைப் பார்க்கவில்லை. மூட்டையை ஒருதரம் உலுப்பிச் சரிசெய்துகொண்டு தண்ணீரில் இறங்கினான்.

ஊரின் மேட்டுப் பக்கத்தில் பொதுமண்டபமாக இருந்த பல்தேவைக் கட்டடத்தில் எல்லோரும் ஒதுங்கினார்கள். நெல்மூட்டைகளைச் சுவரோரமாக அடுக்கினார்கள். வதனியுடைய அந்த மூட்டையை ஒரு பொடியன் அடியில் போடப் போனான். உதயரூபன் கையைப் பிடித்துத் தடுத்தான்.

"அதக் கீழ வைக்காத. மேல வை. நசியும்."

நெல்லு நசியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஆயிரம் வேலை. வதனிக்கு மட்டும் அந்தச் சொல் காதில் விழுந்தது, விழுந்த இடத்திலேயே கிடந்தது. இவனுக்குத் தெரியும். தெரிந்தும் என் சாமான் நசியக்கூடாது என்று பார்க்கிறான். அவளுக்கு முகம் எரிந்தது.

பிறகு வந்ததுதான் பெரிய பாடு. மூட்டை எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் உச்சியில் இருக்கிறது. வாயைப் பிரித்தால் ஊர் பார்க்கும். பிரிக்காவிட்டால் ஆர்த்திகா அழுகிறாள். அன்னப்பூரணி சீனித்தண்ணி கொடுத்துப் பார்த்தாள், கஞ்சி கொடுத்துப் பார்த்தாள். பிள்ளை இரண்டையும் கையால் தட்டிவிட்டு "பால், பால்" என்று அழுது, அழுத களைப்பில் தூங்கி, எழும்பித் திரும்பவும் அழுதது. பொழுதுபட்டதும் கட்டடம் இருண்டுபோயிற்று. "ஒருத்தரிட்டயும் ஒரு மெழுகுதிரி இல்லயா?" என்று யாரோ இருட்டில் கேட்டார்கள். மெழுகுதிரி இருந்த மூட்டைக்குக் கீழே முதுகைச் சாய்த்துக்கொண்டு இருந்த வதனி, மற்றவர்களோடு சேர்ந்து தானும் பேசாமல் இருந்தாள்.

அவளுக்குத் தன்மேலே அருவருப்பாக இருந்தது. எழும்பி நின்று, இந்தா இரிக்கு எண்டு சொல்லிவிட்டால் என்ன? ஐந்து நிமிட வெட்கம், அவ்வளவுதானே என்று மனம் சொல்லும். நேற்றுச் சொல்லியிருந்தால் வெட்கமே இல்லை, காலையில் சொல்லியிருந்தால் கொஞ்ச வெட்கம், இப்போது பிள்ளை இவ்வளவு அழுதபிறகு எந்த முகத்தோடு சொல்வது என்று அதே மனம் திருப்பிக் கேட்கும். நேரம் போகப் போக அந்த மூட்டை தூக்க முடியாத பாரமாகிக்கொண்டு வந்தது.

விடிந்ததும் உதயரூபன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விறாந்தையில் அங்கும் இங்கும் நடந்தான். தண்ணீரைக் காட்டினான், கொக்கைக் காட்டினான். ஒருதரமாவது மூட்டைப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டானா என்று வதனி காத்திருந்தாள். அவன் ஒரு வார்த்தை குத்திச் சொன்னால் இவள் கோபப்பட்டாவது தப்பிக்கலாம். அவன் அந்த வசதியையும் அவளுக்குக் கொடுக்கவில்லை.

அன்று மத்தியானம் காத்தான்குடியிலிருந்து சில இளைஞர்கள் இயந்திரத் தோணியில் சோற்றுப் பார்சலும் சாமானும் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குத் தலைமையாக வந்த நளீர் என்பவர் விறாந்தையில் நின்று சொன்னார்: "சாப்பாடு எல்லாருக்கும் இரிக்கி. பால்மா மட்டும் கொஞ்சம்தான் கிடைச்ச. சின்னப் புள்ளைகள் இரிக்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்க."

அன்னப்பூரணிக்கு ஒரு பக்கற் கிடைத்தது. மூன்று கல்லில் தண்ணீர் சுடவைத்து அவள் கரைத்துக் கொடுத்த பாலை ஆர்த்திகா மூச்சுவிடாமல் குடித்தாள். கட்டடமே அந்தப் பிள்ளை குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. வதனி பார்க்கமுடியாமல் வெளியே வெள்ளத்தைப் பார்த்தாள். அப்பாடா, இனி நான் சொல்லத் தேவையில்லை என்று ஒரு நிம்மதி அவளுக்குள் வந்தது. அந்த நிம்மதியை நினைத்தும் வெட்கப்பட்டாள்.

சற்று நேரத்தில் அன்னப்பூரணி வந்து பக்கத்தில் குந்தினாள். பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"இந்தாங்கக்கா. பாதி இரிக்கு. ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடிங்க."

"எனக்கென்னத்துக்குப் பூரணி? புள்ளைக்கு வை."

"புள்ளைக்கு இண்டைக்கு மத்தப் பாதி காணும். மறுகா, நாளைக்கு ஆரும் கொண்டு வருவாங்க. உங்களிட்டயும் இல்லயெண்டு அண்டைக்குச் சொன்னீங்களே. ரெண்டு நாளா நெஞ்செரிவோட இரிப்பீங்க."

வதனி நிமிர்ந்து பார்த்தாள். அன்னப்பூரணியின் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அவளுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி உதயரூபன் பிள்ளையோடு நின்றான். அவன் சட்டென்று தலையை மறுபக்கம் திருப்பினான். அவன் பெண்சாதியிடம்கூடச் சொல்லவில்லை. தன் பிள்ளை இரண்டு நாள் அழ, இந்த அக்காவின் மானத்தைத் தோளில் வைத்துக்கொண்டே நடந்திருக்கிறான்.

அந்தப் பொட்டலத்தை வாங்கியிருந்தால் எல்லாம் அப்படியே போயிருக்கும். வாங்கக் கையும் நீண்டது. பொட்டலத்தில் இருந்த மடிச்சூடு விரலில் பட்டதும் கை நின்றுவிட்டது. அன்னப்பூரணி அதைப் பிள்ளையின் பக்கத்தில், தன் மடியிலேயே வைத்துப் பிரித்துக் கட்டியிருக்கிறாள்.

வதனி எழும்பினாள். அடுக்கின் உச்சியில் இருந்த மூட்டையை இரண்டு கையாலும் இழுத்துக் கீழே போட்டாள். கத்தி தேடவில்லை. தான் போட்ட முடிச்சு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஈரத்தில் சணல் இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அறுத்தாள். வைக்கோலைப் பிடுங்கி எறிந்தாள். மஞ்சளும் நீலமுமாகப் பால்மா பக்கற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்தன, மெழுகுதிரிப் பெட்டி உருண்டது.

கட்டடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் இருமினார்.

"அண்டைக்கு நீ கேக்கக்குள்ள இது இரிந்திச்சி, பூரணி" என்றாள் வதனி. "நான் பொய் சொன்னனான்."

அன்னப்பூரணி பக்கற்றுகளைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தானே தூக்கினன்" என்றான் உதயரூபன்.

அவள் அவனிடமிருந்து முகத்தைத் திருப்பினாள். வதனி கைக்கு அகப்பட்ட பக்கற்றுகளை அள்ளி அவள் பக்கம் தள்ளினாள். "எடு. எல்லாத்தையும் எடு. புள்ளைக்கு எடு." ஏசு, காறித் துப்பு, ஏதாவது செய் என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள்.

அன்னப்பூரணி ஒன்றையும் தொடவில்லை. தன் கையில் இருந்த பொட்டலத்தை ஒருதரம் பார்த்தாள். அதன் மடிப்பு பிரிந்திருந்தது. மா சிந்தாமல் திரும்ப மடித்தாள். குனிந்து, திறந்துகிடந்த சாக்கின் வாய்க்குள், மற்ற பக்கற்றுகளுக்கு மேலே அதை வைத்தாள்.

"இதையும் சேத்துத் தைச்சு வையுங்கக்கா" என்றாள். "மழை இன்னும் விடல்ல."

உப்புக் கேட்டு வரும்போது பேசுகிற அதே குரல்தான். சொல்லிவிட்டுப் போய்ப் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வதனி வாய் பிரிந்த சாக்கின் முன்னால், பல்லில் சணல் நாரோடு உட்கார்ந்திருந்தாள்.