கண்ணாடி மூடிமேல் தாள்கள்

அப்பா அண்ணனுக்குத் தரவேண்டியது பதினாறாயிரத்து நானூறு. அதற்கு ஒரு வழி தெரியாமல் பிணத்தை எடுக்க விடமாட்டேன் என்று அவன் வாசலை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். தூக்க வந்தவர்கள் தெருவில் நின்றார்கள்.

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடிமேல் அப்பாவின் தாள்களைக் காலையிலேயே பரப்பிப் போட்டிருந்தான். பைண்டிங் வேலை பார்த்த காலத்தில் பழைய பேரேடுகளிலிருந்து அவர் உருவிச் சேர்த்த எழுதாத தாள்கள். எல்லாம் கந்தல்துணிக் கூழில் செய்தது, கடனுக்கு அது போதும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். துணித்தாள் என்றால், பழைய நூல்களைச் செப்பனிடும் ஒருவர் அந்தக் கடன் தொகைக்கே எடுத்துக்கொள்வார். மரக்கூழ் என்றால் எடைக்குத்தான் போகும். துணிதான் என்று அவன் தங்கையின் கருவி சொன்னால் போதும் என்று அந்தச் செப்பனிடுபவர் சொல்லியிருந்தார்.

"ஊர்க் காகிதத்துக்கெல்லாம் கருவி வைக்கிறல்ல, அப்பன் காகிதத்துக்கும் வை," என்றான் அண்ணன்.

ஆவணக் காப்பகத்தில் அவள் வேலையே அதுதான். கருவி தாளைக் கிழிக்காது, கறையாக்காது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசி, திரும்பி வருவதை இனம் தெரிந்த நூற்றுக்கணக்கான தாள்களோடு ஒப்பிட்டு, எந்தக் கூட்டத்தோடு சேரும் என்று சொல்லும். அப்பா அதைப் பொம்மைத் துப்பாக்கி என்பார். தன் தாள்களை ஒருநாளும் அவளைத் தொடவிட்டதில்லை.

ஒரு தாளை எடுத்துக் கருவியை வைத்துப் பார்த்தாள். துணி என்றது திரை.

அண்ணன் முகம் இளகியது. போனை எடுத்தான். தாளைத் தொட்ட அவள் விரல் சில்லிட்டிருந்தது. மூடி வேர்த்து, தாள்களெல்லாம் நீரைக் குடித்திருந்தன. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அப்பா கிளம்பிவிடுவார்.

"போன் பண்ணாதண்ணா. தாள் ஈரமா இருக்கு. ஈரத்துல இது தப்பா சொல்லும்."

"செத்த பிறகும் அந்தாள ஜெயிக்கணுமா ஒனக்கு?"

அவள் தாள்களைத் தரையில் விரித்து மேசை விசிறியைத் திருப்பிவைத்தாள். பிணத்தை வைத்துக்கொண்டு இதென்ன துணி உலர்த்துகிற வேலை என்று பெரியம்மா முனகினாள். தெருவில் நின்றவர்கள் இரண்டாவது தடவை டீக்குப் போனார்கள்.

காய்ந்ததும் ஒவ்வொன்றாக வைத்தாள். மரம். அடுத்ததும் மரம். பாதிக்குமேல் அண்ணன் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். அவள் கடைசித் தாள்வரை வைத்தாள்.

"மாசாமாசம் நான் தர்றேன்," என்றாள்.

"ஒங்காசு எனக்கெதுக்கு? அந்தாள் கடன் தள்ளுபடி. ஒன்னையும் சேத்துத்தான்."

நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு ஆட்களைக் கூப்பிட்டான். அப்பாவை ஏற்றினார்கள். வண்டியில் அண்ணன் பக்கத்தில் ஓர் இடம் இருந்தது. அவள் படியில் கால் வைத்தபோது, அவன் மடியிலிருந்த ஹெல்மெட்டை எடுத்து அந்த இடத்தில் வைத்தான்.