மூடிக்குக் கீழே

கொப்பரையில் முதல் கொதி வந்ததுமே அண்ணன் முந்திக்கொண்டார். தங்கை வெப்பமானியைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் சிவப்பு வாளியைத் திறந்து, கையால் அள்ளி அள்ளிப் பாதியைப் போட்டுவிட்டார். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் காய்ந்த ஹாப்ஸ் பூக்கள் பார்லிச் சாற்றின் நுரையில் பச்சைப் பச்சையாகச் சுழன்றன. எலுமிச்சைத் தோலும் ஈரப் புல்லும் கலந்த மாதிரி ஒரு வாசனை ஆலை முழுக்கக் கிளம்பியது.

"அடடா, என்னமா தூக்குது பாரு!" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் ஓடி வந்தாள். "அண்ணா, வாளியக் கீழ வைங்க."

வைத்துவிட்டார். அவள் குரல் அப்படி இருந்தது.

பதினோரு வருடமாக அந்தச் சின்ன பீர் ஆலையில் பாட்டில் கழுவுவது முதல் கொப்பரை தேய்ப்பது வரை எல்லாம் அவள்தான். வடிப்பது மட்டும் அவர். அவருடைய வழி எளிது. ஒரே வகை ஹாப்ஸ், ஒரே தடவை. கொதி வந்ததும் போட்டு ஒரு மணி நேரம் விட்டால் கசப்பு இறங்கும், பீரும் சீக்கிரம் கெடாது. அதற்கு மேல் ஹாப்ஸில் என்ன இருக்கிறது என்பார். மூன்று மாதம் நச்சரித்த பிறகுதான், "ஒரே ஒரு கொப்பரை உன் இஷ்டத்துக்கு வடிச்சுக்கோ. சரியா வரலைன்னா அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்று இறங்கி வந்தார். இதுதான் அந்தக் கொப்பரை.

நீல வாளியில் இருந்தது கசப்புக்கான ஹாப்ஸ், சிவப்பில் வாசனைக்கானது. கசப்பு இறங்க நீண்ட கொதி வேண்டும். வாசனைக்குக் கொதியே ஆகாது, ஆவியோடு ஓடிப்போகும். அதனால் அடுப்பை அணைத்த பிறகுதான் போட வேண்டும். நேற்றே சொல்லியிருந்தாள். அவரும் நன்றாகத் தலையாட்டினார். காதில் வாங்கினாரா என்பது வேறு விஷயம்.

"இப்ப இங்க மணக்குதே, அது அத்தனையும் என் பீர்ல இருக்க வேண்டியதுண்ணா. வெளிய போயிட்டு இருக்கு."

அவர் அண்ணாந்து ஆவியைப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது.

"இப்ப என்னம்மா பண்றது?"

அந்தக் கேள்வியை அவர் அவளிடம் கேட்டதே இல்லை. கோபத்துக்கு நடுவிலும் அவளுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. ஆனால் அதை ரசிக்க நேரமில்லை. சிவப்பு வாளியிலிருந்து ஒரு பூவை எடுத்துப் பிய்த்தாள். இதழ்களின் அடியில் மஞ்சள் தூள் பிசுபிசுத்தது. உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தாள். அருமையான சரக்கு.

"பாதி மிச்சம் இருக்கு. போதும். நீங்க போட்டதுலயும் கொஞ்சம் கசப்பு இறங்கும், அதனால நீல வாளில முக்கால்தான் போடப்போறேன். கடைசியில மூடிய இறுக்கிட்டு ரெண்டு மடங்கு நேரம் ஊற விட்டா வாசனை புடிச்சுக்கும்."

"புடிக்குமா?"

"புடிக்கும்."

அவர் தலையைச் சொறிந்தார். "ஹாப்ஸ் தோட்டத்துல ஆண் கொடிய வச்சுக்க மாட்டாங்க, பெண் கொடியோட பூதான் உதவும்னு சொன்னியே. நானும் வெளிய போயிடட்டுமா?" அன்று அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவர் அவர்தான்.

"வேணாம். வாளியத் தொடாம நில்லுங்க, அது போதும்."

நின்றார். நீல வாளி ஹாப்ஸ் கொதித்த ஒரு மணி நேரமும் கையைக் கட்டிக்கொண்டே நின்றார். அவள் அடுப்பை அணைத்தாள், சாறு அடங்கும்வரை காத்திருந்தாள், மிச்சப் பூக்களைப் போட்டுக் கனத்த மூடியை இறக்கி நான்கு பக்கமும் இறுக்கினாள். சன்னல்கள் திறந்திருந்தன. பழைய ஆவியெல்லாம் போய், ஆலையில் ஈரத் தரையின் வாடைதான் மிஞ்சியது.

அண்ணன் மூக்கை உறிஞ்சினார். "என்னம்மா, வாசனையே வரலையே?"

"வரக் கூடாதுண்ணா."

அவர் ஒரு முக்காலியை இழுத்து, மூடிய கொப்பரைக்குப் பக்கத்தில் காவலுக்கு உட்கார்வதுபோல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, பூக்களை அள்ளியதில் மஞ்சள் தூள் ஒட்டிய தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய், அவள் பார்க்கவில்லை என்று நினைத்து, மெதுவாக முகர்ந்தார்.