ஹலோ, கேக்குதா?

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. சபையில் அது யாருக்கும் ஞாபகமில்லை. பெரியவர்களுக்கு அவர் ‘மைக்’, சின்னவர்களுக்கு ‘மைக் மாமா’. வார நாட்களில் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுதுபார்க்கும் சின்னக் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால், வயர்களுக்கு நடுவே ஒரு ஸ்டூல். போதகரின் குரலும் பாடகர் குழுவின் குரலும் அவர் விரல் வழியாகத்தான் ஜனங்களிடம் போயின. அவருடைய சொந்தக் குரலை மட்டும் யாரும் கேட்டதில்லை.

கேட்டதில்லை என்பதும் பொய்தான். ஒருமுறை ஒரு வீட்டுக் கூட்டத்தில் திடீரென்று, “பிரதர், முடிவு ஜெபத்த நீங்க பண்ணுங்க” என்று சொல்லிவிட்டார்கள். எழுந்தார், கண்ணை மூடினார். இத்தனை வருஷமாக மற்றவர்கள் ஜெபித்ததெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. சட்டை நனைந்ததுதான் மிச்சம். கடைசியில் “ஆமென்” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். “மைக் ஜெபிச்சா சாப்பாடு ஆறவே ஆறாது” என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்த பிறகுதான் வலிக்கும்.

மனைவி இருந்தவரை சனிக்கிழமை சாயங்காலம் அவருக்குக் கொண்டாட்டம். மறுநாள் ஆராதனைக்கு மைக் சோதித்துப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேடையில் பேச, ஒருவர் பின்னால் நின்று கேட்க. அவர் மைக்கைப் பிடித்து, “ஹலோ, ஹலோ, கேக்குதா?” என்பார். கடைசி வரிசையிலிருந்து அவள் கையைத் தூக்கி, “கேக்குது!” என்பாள். சில நாள் வேண்டுமென்றே கம்மென்று உட்கார்ந்திருப்பாள். அவர் ஒவ்வொரு வயராகப் பிடுங்கி மாட்டி அல்லாடுவதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, அப்புறம்தான் கையைத் தூக்குவாள்.

அவள் போன பிறகும் அவர் அதே இடத்தில் நின்று, “ஹலோ, கேக்குதா?” என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். காலி பெஞ்சுகள் பார்த்துக்கொண்டிருக்கும். சத்தத்தை உத்தேசமாக ஓர் அளவில் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவார். ஞாயிற்றுக்கிழமை அது சரியாகவே இருக்கும். அவள் இல்லாமலும் சரியாக இருக்கிறதே என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் அறிவிப்பு சொன்னார். “நம்ம பஸ் டிரைவர் பெரியவர் படுத்த படுக்கையா இருக்கார். இனி ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். யாராவது போய் அவர்கூட ஜெபிக்கணும்.”

சபை குனிந்து செருப்பைப் பார்த்தது. காரணம் இல்லாமல் இல்லை. எப்போதும் முதல் வரிசையில் உட்காரும் அந்தப் பெரியவர், ஒருநாள் பிரசங்கத்தின் பாதியில் எழுந்து போனவர் திரும்பி வரவேயில்லை. அன்றைய பிரசங்கம் கோபத்தைப் பற்றியது. தன்னைத்தான் குத்திக்காட்டினார்கள் என்று முறுக்கிக்கொண்டு போய்விட்டார் என்று சபையே முடிவு கட்டிவிட்டது. போதகர் உட்பட, பார்க்கப் போன எல்லாரையும் அவர் விரட்டியடித்திருந்தார்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மைக்குக்கு மட்டும் நெஞ்சுக்குள் தெளிவாக விழுந்தது: நீ போ.

“நானா? ஆண்டவரே, நல்லா ஆள் பாத்தீர்” என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார். அந்த வாரம் முழுக்க வாக்குவாதம்தான். கடையில் சால்டரிங் வைக்கும்போது, நீ போ. தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடும்போது, நீ போ. “எனக்கு ஜெபிக்க வராதுன்னு உமக்குத் தெரியாதா? சாகப்போற மனுஷன் முன்னாடி போய் ஆமென்னு மட்டும் சொல்லவா?” என்று சண்டை பிடித்தார். அந்த இரண்டே வார்த்தைதான் திரும்பத் திரும்ப வந்தது. இதோடு மல்லுக்கட்டுவதைவிடப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று, சனிக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினார்.

பெரியவர் மாடியில் இருந்தார். கீழ்வீட்டில் தைத்துக்கொண்டிருந்த அம்மாள் மெஷினை நிறுத்தி, “பாத்துப் போங்கண்ணே. போன வாரம் வந்தவங்க மேல டம்ளர் பறந்துச்சு” என்றாள்.

கதவு திறந்தே இருந்தது. கட்டிலில் ஒரு காலத்து வாட்டசாட்டமான உடம்பு, வெறும் எலும்பாகக் கிடந்தது. ஜன்னலோரம் மருந்து வாசனை. பெரியவர் முறைத்தார். மைக் கட்டில் பக்கத்தில் நின்று கண்ணை மூடினார். சர்வவல்லமையுள்ள பிதாவே என்று ஆரம்பிக்க வேண்டும். பயத்தில் கண் திறந்துகொண்டது. வாயிலிருந்து, பழக்கதோஷம், கணீரென்று வந்து விழுந்தது:

“ஹலோ, ஹலோ, கேக்குதா?”

நாக்கைக் கடித்துக்கொண்டார். டம்ளர் எங்கே இருக்கிறது என்று கண் தேடியது.

பெரியவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். “என்ன? கேக்கல! கிட்ட வந்து சொல்லு!”

மைக் குனிந்து காதருகே போய்க் கத்தினார். “கேக்குதான்னு கேட்டேங்கய்யா!”

பெரியவரின் முகம் என்னவோ ஆயிற்று. “இத ஒரு பய கேக்கலையே” என்றார். “வாழ்நாள் பூரா இன்ஜின் பக்கத்துல உக்காந்து காது போச்சு. முன்னாடி உக்காந்து பாத்தேன், பிரசங்கத்துல ஒரு வார்த்தை விழல. வெளிய சொல்ல வெக்கம், எந்திரிச்சி வந்துட்டேன். இங்க வர்றவனெல்லாம் கண்ண மூடிக்கிட்டு வாய மட்டும் அசைக்கிறான். எனக்காக ஜெபிக்கிறானா, என்னத் திட்டுறானான்னு நான் எப்படிக் கண்டேன்?” சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். “சரி, நீ எதுக்கு வந்த?”

“ஜெபிக்க! ஆனா எனக்கு ஜெபிக்கத் தெரியாதுங்கய்யா!”

“தெரிஞ்சத சொல்லு. சத்தமா சொல்லு.”

மைக் முழங்காலிட்டு, அந்தக் காதோடு வாயை வைத்தார். “ஆண்டவரே!” என்று கத்தினார். கீழே தையல் மெஷின் நின்றது. “இவரு தனியா இருக்காரு! நானும் தனியாத்தான் இருக்கேன்! எங்ககூட இரும்! எனக்கு வேற சொல்லத் தெரியல!” அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல், இத்தனை நாளும் காலி ஆலயத்தில் கேட்டதையே ஆண்டவரிடம் கேட்டார். “கேக்குதா?”

கண்ணை மூடிப் படுத்திருந்த பெரியவர், போர்வைக்குள்ளிருந்து கையை மெல்ல எடுத்து உயரத் தூக்கினார்.

“கேக்குது” என்றார்.

மைக் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, மனைவி போன பிறகு முதல்முறையாக, வாய்விட்டு அழுதார்.