தையலுக்கு விட்ட துணி

அந்தக் கடையில் கோட்டு ஆளுக்குத் தகுந்தபடி மாறாது, ஆள்தான் கோட்டுக்குத் தகுந்தபடி மாறுவான். அந்த ஆள் கட்டிங் மாஸ்டரின் தங்கை புருஷன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், கடையில் அவன் பெயர் ட்ரையல். பிரிக்கத் தோதாக வெள்ளை நூலில் ஓட்டுத் தையல் போட்ட கோட்டை மாட்டி நடுப் பட்டனைப் பூட்டினால், கழுத்துக்குக் கீழே அவன் உடம்பு அளவு கொடுத்தவரின் உடம்பாகிவிடும். முகம் மட்டும் அவனுடையது. கோட்டைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டால் வந்த உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தன் சொந்தக்காரரிடம் திரும்பிப் போகும். சிலருடையது உடனே போய்விடும். பதவியில் இருப்பவர்களுடையது கொஞ்சம் தாமதிக்கும்.

கடைக்குத் துணி கொடுத்தவர்கள் எல்லோரும் பெரிய மனிதர்கள். மாஸ்டர் வீடு தேடிப் போய் இஞ்சு டேப்பைப் பிடித்தால் ஏதோ தயவு செய்வதுபோலக் கையைத் தூக்குவார்கள். அரைகுறையாகத் தைத்ததைப் போட்டுப் பார்க்க வாருங்கள் என்று அவர்களை அழைக்க முடியாது. அதனால் ட்ரையலின் உடம்பு கடைக்கு வசதியாகப் போயிற்று. முதலாளி அதை முதல்முறை பார்த்தபோது, பொம்மை வாங்குற செலவு மிச்சம் என்று சொல்லிவிட்டு போன் பேசப் போனார். மற்றவர்களும் அதற்குமேல் வியக்கவில்லை. மாஸ்டருக்கு அதில் ஒரே லாபம்தான், அளவு பொய் சொல்ல முடியாது. வயிற்றை எக்கிக்கொண்டு அளவு கொடுத்தவரின் கோட்டைப் போட்டால் ட்ரையலுக்கு மூச்சு முட்டும். மாஸ்டர் இடுப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார், மூச்சு வரும். டேப்புக்காக நிமிர்ந்து நின்றவரின் கோட்டில் முதுகு வலிக்கும். மாஸ்டர் பின்கழுத்தைத் தளர்த்துவார். எங்கே பிடிக்கிறது என்று சொல்வதுதான் ட்ரையலின் வேலை. வருஷக்கணக்கில் அவன் அந்தக் கடையில் பேசிய பேச்சு பெரும்பாலும் அதுதான்.

அவன் மனைவி அதே கடையில் காஜா எடுப்பவள். பட்டன் துளையைச் சுற்றி அவள் போடும் கைத்தையலுக்காகவே அந்தக் கோட்டுகளைத் தேடி வந்தவர்கள் உண்டு. காஜாக்காரி சாயங்காலம் புருஷனுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுவாள். கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்க்கமாட்டாள், வயிற்றைப் பார்ப்பாள்.

“இன்னிக்கு யாரு வந்திருக்கீங்க?”

“பேங்க் சேர்மன்.”

“சேர்மன் ஐயா தண்ணிக் குடத்தத் தூக்குவாரா, இல்ல அதுக்கும் நான்தான் போகணுமா?”

லீவு நாளில் மட்டும் அவன் அவனாக இருந்தான். அன்றைக்கு முழுவதும் தூங்கினான்.

உடம்போடு உடம்பில் இருந்ததும் வந்தது. ஒரு வக்கீலின் புதுக் கோட்டுக்கு ஓட்டுத் தையல் போட்டபோது, அவருடைய வலது அக்குள் சுற்றளவு போன வருஷத்தைவிடக் கூடியிருந்தது. ட்ரையல் கோட்டைப் போட்டுக் கையைத் தூக்கினான், இங்கே ஒரு கட்டி இருக்கிறது என்றான். மாஸ்டர் தொட்டுப் பார்த்தார். வாடிக்கையாளரிடம் அவர் உடம்பைப் பற்றிப் பேசக் கூடாது என்பது தையல்காரர்களின் பழைய சட்டம். யார் தோள் இறங்கியிருந்தாலும், யார் முதுகு கூனியிருந்தாலும், துணியில் சரிசெய்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மாஸ்டர் அக்குள் வளைவைத் தாராளமாக வெட்டினார். வக்கீல் அந்தக் கோட்டிலேயே அடக்கமானார். கை எங்கும் சுருங்காமல் அழகாக உட்கார்ந்திருந்தது என்று சாவுக்குப் போய்வந்த முதலாளி சொன்னார்.

தகராறு கப்பல்காரரின் கோட்டில் தொடங்கியது. அவர் பல கப்பல்களுக்குச் சொந்தக்காரர். கருநீலத் துணி ஒரு பேல் முழுக்க வந்து இறங்கியது. மாஸ்டர் வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி ட்ரையலைச் சுற்றிவந்து, “வலது கை, கால் குறை” என்றார். வலது கையில் கால் இஞ்சு குறைக்க வேண்டும், அவ்வளவுதான். ‘கை’ குண்டூசிக்குள் மாட்டிக்கொண்டது. கீழே உட்கார்ந்திருந்த பேன்ட்காரரின் காதில் விழுந்தது, வலது கால் குறை. எவ்வளவு என்று காதில் விழவில்லை. மாஸ்டரிடம் ஒன்றை இரண்டாம் தடவை கேட்டால் என்ன கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும், அதனால் உத்தேசமாக இரண்டு விரல் குறைத்தார். அடுத்த ட்ரையலில் பேன்ட் கச்சிதமாக இருந்தது, ஏனென்றால் டேப் தொடாத அளவில் வெட்டிய அந்தப் பேன்ட்டுக்கு ஏற்ப, அதற்குள் ட்ரையலின் வலது கால் இரண்டு விரல் குறைந்துவிட்டது. எங்கேயும் பிடிக்கவில்லை என்றான் அவன். யாருடையதும் இல்லாத கால், அது யாருக்காக முறையிடும்?

சூட்டுகள் போய்ச் சேர்ந்தன. கப்பல்காரர் புகார் சொல்லவில்லை. அந்தக் கடை தப்பாகத் தைக்காது என்பது ஊரறிந்த விஷயம், ஆகவே தப்பு தன் காலில்தான் என்று முடிவுசெய்து வலது முழங்காலை லேசாக மடக்கி நடக்கப் பழகிக்கொண்டார். சீக்கிரமே அவர் அலுவலகத்தில் எல்லோரும் வலது முழங்காலை மடக்கி நடந்தார்கள்.

ட்ரையலின் கால் நீளவில்லை. இதுவரை வந்த உடம்புகளுக்கெல்லாம் திரும்பிப் போக ஓர் ஆள் இருந்தார். இந்தக் காலுக்குப் போக இடமில்லை, அதனால் தங்கிவிட்டது. ஒன்று தங்கியதைப் பார்த்து மற்றவையும் தங்கத் தொடங்கின. சேர்மனின் தொப்பை அவன் கூடவே வீட்டுக்கு வந்து, காலையில் அவன் கூடவே கடைக்குக் கிளம்பியது. அடுத்த கோட்டைப் போடும்போதுதான் விலகி இடம் விட்டது. லீவு நாளில் வந்து படுத்தவன் யார் என்று காஜாக்காரிக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் யாரோ ஒரு பாடகரின் மார்பு படுத்துக்கொண்டு இருமியது. கோபம் வந்தால் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அவள் பாத்திரங்களை உருட்டினாள்.

“நான் கட்டிக்கிட்டது ஒரு ஆள. இங்க வந்து போறது ஒரு ஊரு” என்றாள்.

“நான் என்ன செய்ய? எனக்கே நான் அடையாளம் தெரியல.”

அந்தச் சமயத்தில்தான் நீதிபதியின் கோட்டு வந்தது. மாஸ்டர் அவரை மூன்று முறை அளந்திருந்தார், மூன்று முறையும் மார்பு சுருங்கியிருந்தது. நான்காவது முறைக்கு நேரமில்லை, சீக்கிரம் முடியுங்கள் என்று வீட்டார் சொல்லியனுப்பினார்கள். எதற்காகக் கோட்டு என்று யாரும் கேட்கவில்லை. அதை ட்ரையல் மாட்டினால் நீதிபதியின் உடம்பு வரும், சீக்கிரமே திரும்பிப் போக ஆள் இருக்காது என்பதால் அந்தக் காலைப் போலவே அடுத்த கோட்டுக்கும் விலகாது. அது செத்தால் உள்ளே இருப்பவனும் சாவான். கடையில் எல்லோருக்கும் இது விளங்கியது. முதலாளிக்கும் விளங்கியது. அவர் கடையின் பெயரையும் நினைக்க வேண்டியிருந்தது.

“போட்டுப் பாக்காம ஒரு கோட்டு இங்கேருந்து வெளிய போனதில்ல” என்றார். “திங்கக்கிழமை போடட்டும். முடியாதுன்னா வேற கடை பாத்துக்கட்டும்.”

காஜாக்காரி ஊசியைக் கீழே வைத்தாள். “அண்ணா, ஊர்ல இருக்கவனுக்கெல்லாம் வெட்டுற. அதுக்கு முன்னாடி இவருக்கு இவரு அளவுல ஒண்ணு வெட்டு.”

“வெட்டலாம்மா. மாப்ள அளவு எங்க இருக்கு?”

எங்கேயும் இல்லை. வீட்டு ஆளுக்கு யார் டேப் பிடிப்பார்கள்? இப்போது பிடித்தால் பாடகரின் அளவுதான் கிடைக்கும். கல்யாணப் போட்டோவைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் அவன் போட்டிருந்தது டெலிவரி எடுக்காமல் கடையில் கிடந்த கோட்டு. தைக்கக் கொடுத்த டாக்டர் வெளிநாட்டுக்குப் போய்விட்டதால், மாஸ்டர்தான் மாப்பிள்ளைக்கு எடுத்துக்கொடுத்திருந்தார். போட்டோவில் அவள் பக்கத்தில் அகலமாக நின்றது டாக்டர். பேன்ட்காரர் தன் பங்குக்கு அவன் ஒல்லி என்றார். முதலாளி, அவன் ஒரு நடுத்தரம் என்றார். மாஸ்டருக்கு நினைவு வரவில்லை. பல வருஷம் எதிரே நிற்கவைத்துக் குண்டூசி குத்திய ஆளை அவர் ஒரு தடவையும் பார்த்ததில்லை.

“நான் சொல்றேன், எழுதிக்கோ” என்றாள்.

அவளுக்குத் தெரிந்தது லீவு நாளில் தூங்கும் ஆளை மட்டும். மாஸ்டர் டேப்போடு தங்கை வீட்டுக்குப் போய்க் கட்டிலை அளந்தார். படுத்தால் தலை சட்டத்தில் இடிக்கும், குதிகால் கட்டிலுக்கு வெளியே ஒரு சாண் நிற்கும் என்றாள், உயரம் கிடைத்தது. அவன் கையை விரித்துப் போட்டால் விரல் சுவரிலுள்ள விரிசலைத் தொடும், கை கிடைத்தது. மார்புக்கு, தான் தலைவைக்கும் இடத்திலிருந்து அந்தப் பக்கம் தன் கை போய்ச் சேரும் இடத்தைக் காட்டினாள். மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு டேப்பை மட்டும் நீட்டினார். தங்கையின் கட்டிலில் அளவெடுப்பது எந்த மாஸ்டருக்கும் வரக் கூடாத வேலை.

“கால்?” என்றார். உடனே சுதாரித்துக்கொண்டு, “நடக்குற கால கேக்குறேன்” என்றார்.

“ரெண்டும் சமம். கால் இஞ்சுகூட வித்தியாசம் கிடையாது.”

துணிக்குப் பஞ்சமில்லை. கப்பல்காரரின் பேலில் மீதம் இருந்தது. மாஸ்டர் வெட்டினார், பேன்ட்காரர் ஒரு சொல்லை மூன்று தடவை கேட்டுக்கேட்டுப் பேன்டைத் தைத்தார். கோட்டை அவள் யாரையும் தொடவிடவில்லை. உள்பக்கம் தையலுக்கு விடும் துணியை அவள் அளவுக்குமேல் விடுவதைப் பார்த்து மாஸ்டர், என்னம்மா இது, உள்ள இன்னொரு ஆளே ஒளிஞ்சுக்கலாம் போலிருக்கே என்றார்.

“நாளைக்கு வயசாகும்ல” என்றாள்.

திங்கட்கிழமை ட்ரையல் அதைப் போட்டான். நடுப் பட்டனை அவளே பூட்டினாள். பாடகரின் மார்பு கடைசியாக ஒருமுறை இருமிவிட்டுப் போனது. கால் தரைக்கு வந்தது. எங்கேயும் பிடிக்கவில்லை என்றான். அவள் சரக்கைச் சுற்றிப் பார்ப்பதுபோல அவனைச் சுற்றிவந்தாள். ஒரு தப்பு இருந்தது, அதை மாஸ்டர்தான் முதலில் பார்த்தார். நிற்கிற ஆளுக்குத் துணி வெட்டுவதுதான் தொழில், இவர்கள் படுத்திருந்த ஆளை அளந்துவிட்டார்கள். அதனால் அவன் தோள்கள் தளர்ந்து, கைகள் பாரமில்லாமல், தூங்குகிற மாதிரியே நின்றான். பேட் வைத்துத் தோளை ஏற்றிவிடலாம் என்றார் மாஸ்டர். வேண்டாம் என்றாள். அவனை அவள் அப்படித்தான் பார்த்திருக்கிறாள்.

பிறகு நீதிபதியின் கோட்டைப் போட்டார்கள். அது யார்மேலோ போட்ட கோட்டு மாதிரி தொளதொளவென்று தொங்கியது. நீதிபதி வரவில்லை. வேறு யாரும் அதன்பிறகு வரவில்லை. அளவு கொடுத்தவரின் உடம்பில் போட்டுப் பார்க்காமல் போன முதல் கோட்டு அதுதான். அது எப்படிப் பொருந்தியது என்று கேட்க முதலாளி சாவு வீட்டுக்குப் போகவில்லை. அதற்கப்புறம் பெரிய மனிதர்கள் தாங்களே படியேறி வந்து ட்ரையல் பார்க்க வேண்டியதாயிற்று. அங்கே பிடிக்கிறது, இங்கே இழுக்கிறது என்று மற்றக் கடைகளைப் போலவே புகார்கள் வந்தன. சிலர் வேறு கடைக்குப் போனார்கள். ட்ரையலைத் தேய்ப்பு மேசை வேலையில் போட்டார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. அவனை யாராலும் அவசரப்படுத்த முடியவில்லை என்பதால் முதலாளி தினமும் அவனைத் திட்டினார்.

அந்த உடம்புக்குத் தானாக வயதாகாது என்பது சில வருஷங்கள் கழித்துத்தான் தெரிந்தது. காஜாக்காரிக்கு நரைத்தது, கண்ணாடி வந்தது, ஊசியில் நூல் கோப்பதற்கு வெளிச்சம் தேட வேண்டியிருந்தது. அவன் கட்டிலில் கிடந்த அதே ஆளாகவே இருந்தான். இது யாரு, உன் தம்பியா என்று பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்டார்கள். அவர்களுக்கு அடுத்து வந்தவர்கள், மகனா என்றார்கள். அன்றைக்கு அவள் பெட்டியிலிருந்து அந்தக் கருநீலக் கோட்டை எடுத்து, இடுப்புத் தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியில் ஒரு விரல் அளவு வெளியே விட்டுத் தைத்தாள். போட்டுக் கழற்றினான், தொப்பை வந்தது. அது அவனுடைய சொந்தத் தொப்பை.

“இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டிருக்கலாம்ல” என்றான்.

“எதுக்கு? நான் மட்டும் தனியா கெழவி ஆகவா?”

அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு தரம் பிரித்துத் தைக்கிறாள். தனக்கு முதுகு வளைந்தபோது அவன் கோட்டின் பின்கழுத்தை இறக்கினாள். தன் முட்டி வலித்தபோது பேன்ட்டில் ஒரு மடிப்பு வைத்தாள், இரண்டு காலிலும் சமமாக. கப்பல்காரரின் அலுவலகத்தில் இன்னும் முழங்காலை மடக்கித்தான் நடக்கிறார்கள், ஏன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. கோட்டின் உள்ளே, இடது பக்கத்தில், இன்னும் ஒரு விரல் துணி மட்டும் மிச்சம் இருக்கிறது. அதைப் பிரிக்க அவள் அவசரப்படவில்லை.