வேலிக்கு வெளியே அடித்த வெயில்

மலாக்காவில் ஜாசினுக்குத் தெற்கே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தின் ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி நவரட்ணத்துக்கு வெற்றிடம் என்றால் ஆகாது. சட்டையில் பொத்தான் இல்லாத இடமும் பதிவேட்டில் எண் இல்லாத கட்டமும் அவருக்கு ஒன்றுதான். அப்படிப்பட்ட மனிதருக்கு 1957ஆம் வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இங்கிலாந்திலிருந்து கடிதம் வந்தது. தோட்ட மேனேஜர் துரை அதைப் படித்துவிட்டு, உமக்குத்தான் பாராட்டு என்று சொல்லி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

எழுதியவர்கள் வானிலை ஆராய்ச்சிக்காரர்கள். நிலக்கரியும் எண்ணெயும் யுகயுகமாக மண்ணுக்குள் அடைந்து கிடந்த கரி. அதைத் தோண்டி எடுத்து உலகம் நூறு வருஷமாக எரிக்கிறது. எரிந்தது எங்கும் போய்விடுவதில்லை, காற்றில் கலக்கிறது என்று தொடங்கியிருந்தார்கள். அதில் கொஞ்சத்தை மரங்கள் இழுத்துக்கொள்கின்றன, கொஞ்சத்தைக் கடல் குடிக்கிறது. முன்பெல்லாம் விட்ட மூச்சும் இழுத்த மூச்சும் சரியாக இருந்தன. இப்போது மிஞ்சுகிறதோ என்று சந்தேகம். மிஞ்சியது பூமியைக் கம்பளி போலப் போர்த்திச் சூட்டை வெளியே விடாமல் பிடிக்குமா? கடலே சூடேறிவிட்டால் முன்போலக் குடிக்குமா? இதைத் தெரிந்துகொள்ள, கடலோர நாடுகளில் நாள்தோறும் எழுதி வைத்த வெப்ப அளவுகளைச் சேர்க்கிறார்களாம்.

கடைசிப் பத்தியில்தான் கிராணிக்கு வியர்த்தது. கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தின் மோசமான வருஷங்களில்கூட, எங்களுக்கு வந்த உங்கள் வெப்பப் பதிவேட்டில் ஒரு நாள் விடுபடவில்லை. உலகச் சண்டைக்கு முந்திய அளவுகளோடு ஒப்பிட்டால் உங்கள் இடத்தில் வெப்பம் சற்றும் ஏறவில்லை என்று தெரிகிறது. இது எங்களுக்கு மிக முக்கியம். வெப்பமானிப் பெட்டி இருந்த இடத்தின் விவரத்தையும், தினமும் போய் அளவெடுத்தவரின் பெயரையும் எழுதுங்கள், நன்றியோடு அச்சிடுகிறோம் என்று முடித்திருந்தார்கள்.

ஏறவில்லையாம்! எப்படி ஏறும்? 1950 நடுவிலிருந்து மூன்று வருஷத்துக்கு அவர் எழுதிய எண்கள் 1937, 38, 39ஆம் வருஷங்களிலிருந்து அப்படியே பார்த்து எழுதியவை.

அவர் பிறவிப் பொய்யர் அல்ல, பயந்தவர். வெப்பமானிப் பெட்டி பழைய பங்களா மேட்டில், கால் வைத்த மரக்கூண்டாக நின்றது. அளவெடுக்கிற வேலை பால்வெட்டும் மாயாண்டிக்கு. அவனுக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. அதனால் கிராணியே ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். கண்ணாடிக் குழாயின் பக்கத்தில் ஒரு மூங்கில் சிம்பை நிறுத்திப் பிடித்து, பாதரசம் நிற்கிற உயரத்தில் பால்வெட்டும் கத்தியால் ஒரு கீறல் போட வேண்டும். சிம்பை ஆபீசுக்குக் கொண்டுவந்தால் கிராணி அதை அளவுகோலில் வைத்துப் பார்த்து எண்ணை எழுதிக்கொள்வார். அந்த வேலை ஒரு நாளும் பிசகியதில்லை.

பிறகு கம்யூனிஸ்ட் பயம் வந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்களை எல்லாம் ஒரே இடத்தில் குவித்து முள்கம்பி வேலி போட்டார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாது என்று வேலிக் கேட்டில் ஆணையும் பெண்ணையும் தடவித் தடவிச் சோதித்தார்கள். பங்களா மேடு வேலிக்கு வெளியே, யாரும் போகக்கூடாத பக்கமாகிவிட்டது. அன்று மாயாண்டி ஆபீஸ் வாசலில் வந்து, "ஐயா, குச்சிய என்னா செய்யிறது?" என்று கேட்டான்.

"இங்கை கொண்டு வராதை. கேட்டிலை பிடிப்பாங்கள். அங்கேயே வை, பிறகு பாப்பம்," என்று சொல்லிவிட்டுக் கிராணி உள்ளே போய்விட்டார். வேலை முடிந்தது என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். போகாதே என்று முகத்துக்கு நேரே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் பதிவேட்டில் கட்டம் வெறுமையாகிவிடுமே!

1952 பிப்ரவரியில் ஒரு நண்பகல், மற்றவர்கள் பால் வாளியோடு ஸ்டோருக்குப் போய்க்கொண்டிருந்தபோது, மேட்டுச் சரிவில் ரோந்துக்காரர்கள் மாயாண்டியைச் சுட்டுக் கொன்றார்கள். காட்டுக்காரர்களுக்குச் சோறு சுமந்தவன் என்று பெயர் ஆயிற்று. விசாரிக்க வந்த ஆபீசர், அவனுக்கு மேட்டில் என்ன வேலை என்று கேட்டபோது, அளவெடுக்கத்தான், ஆனால் அந்த வேலை வேலி போட்ட அன்றோடு நின்றுவிட்டது என்று கிராணி பதில் சொன்னார். அதற்குமேல் அந்த நாளை அவர் நினைப்பதில்லை. அடுத்த வருஷம் மலாக்காவின் பகுதிகளில் கெடுபிடி தளர்ந்ததும் ஆபீசுக்குப் பக்கத்திலேயே புதுப் பெட்டி வைத்துக்கொண்டார்.

மாயாண்டியின் மனைவி வேலாயிதான் மிச்சத்தை அனுபவித்தாள். தண்ணீர்க் குழாயடியில் அவள் வந்தால் மற்றவர்கள் வாளியை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். மகளுக்கு இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்து, "காட்டுக்காரன் மக" என்று தெரிந்ததும் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

பெட்டியின் விவரம் எழுத வேண்டுமென்றால் மேட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். லாலான் புல் ஆள் உயரம் வளர்ந்து கிடந்தது. புல் வெட்ட, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் அனுப்பிய ஆள், வேறு யார், வேலாயிதான். கிராணிக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் துரை கடிதத்தைக் கேட்பார்.

"எதுக்கு ஐயா இந்தப் பெட்டி இப்ப?" என்று வெட்டிக்கொண்டே கேட்டாள்.

கிராணி புகையையும் கடலையும் பற்றித் தெரிந்தமட்டும் சொன்னார்.

"பொக மேல போச்சுன்னா போச்சுதானே லா?"

"போகேல்லையாம். கொஞ்சத்தைக் கடல் குடிக்குது. மிச்சம் மேலையே நிக்குது."

"கடல் எம்புட்டுதான் குடிக்கும்?"

"அதுதான் ஒருத்தருக்கும் தெரியேல்லை."

அவளுடைய கத்தி தகரத்தில் பட்டு ஒலித்தது. பெட்டியின் அடியில், கல் முட்டுக்கொடுத்து, ஒரு மண்ணெண்ணெய் டின் இருந்தது. வாயை ரப்பர் ஷீட்டால் மூடிக் கட்டியிருந்தது. கிராணி பயந்துபோய், தொடாதே, வெடிகுண்டாக இருக்கும் என்று கத்தினார். வேலாயி அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

"இது அவுரு போட்ட முடிச்சு," என்றாள்.

உள்ளே மூங்கில் சிம்புகள். ஒன்று இரண்டல்ல, நூற்றுக்கணக்கில். பாய் முடைவதுபோல மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் இழையால் வரிசையாகக் கோத்து, மாதத்துக்கு ஒன்றாகச் சுருட்டி வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைச் சிம்பு மட்டும் கொஞ்சம் நீளம், கிழமை தப்பாமல் இருக்க. ஒவ்வொன்றிலும் ஒரு கீறல். இருபது சுருள் முழுசாக இருந்தன. இருபத்தொன்றாவது பாதியில் நின்றிருந்தது.

வேலி போட்ட மாதத்திலிருந்து அவனைச் சுட்ட மாதம்வரை என்று கிராணி கணக்குப் பார்த்தார். அவர் பழைய ஏட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த அத்தனை நாளும் இந்த மனிதன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கே ஓடிவந்து கீறல் போட்டிருக்கிறான்! அங்கேயே வை என்றார்; வைத்திருக்கிறான். பிறகு பாப்பம் என்றார். பார்ப்பார் என்று நம்பியிருக்கிறான். புல்லின்மேல் அப்படியே உட்கார்ந்தார்.

"வேலாயி, நான்தான் அவனை அளவெடுக்கச் சொன்னது. போகவேண்டாமெண்டு ஒரு நாளும் சொல்லேல்லை. அவன் சோறு கொண்டு போகேல்லை."

வேலாயி அழவில்லை. சுருளைப் புடவையால் துடைத்தாள். "அஞ்சு வருசம்," என்று மட்டும் சொன்னாள்.

அவன் பெயரை இங்கிலாந்துக்கு எழுதுகிறேன், அச்சில் போடுவார்கள் என்றார் கிராணி.

"வெள்ளக்காரன் பேப்பர்ல போட்டா எங்க லயத்துல யாரு படிக்கிறது? நாளைக்கு எல்லாரும் கூடுற பெரட்டுல வந்து சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

அன்று மாலைவரை அவர் ஆபீசில் சிம்பு சிம்பாக அளந்தார். அவருடைய எண்ணைவிடப் பெரும்பாலான நாட்களில் கீறல் மேலே நின்றது. அரை டிகிரி, சில நாள் ஒரு டிகிரி. அந்த ஒரு மேட்டில் அந்த இருபது மாதம் வெயில் ஏறித்தான் இருந்திருக்கிறது. ஏறவேயில்லை என்று உலகத்துக்குச் சொன்னது வெயில் அல்ல, அவர். கரி எங்கே போகிறது, கடல் எவ்வளவு தாங்கும் என்று தவித்துக்கொண்டிருப்பவர்கள் கையில் பயப்படாதீர்கள் என்று ஒரு பொய்யைக் கொடுத்திருக்கிறார். இங்கிலாந்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தார். மூன்று வருஷ எண்கள் பொய், அடித்துவிடுங்கள். இருபது மாத உண்மை அளவுகள் தனியே வருகின்றன. அளவெடுத்தவர் பெயர் மாயாண்டி என்று எழுதினார். அதைப் படித்ததும் துரையின் முகம் சிவந்தது. மாதக் கடைசியில் சாமானைக் கட்டிக்கொள் என்றார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் பெரட்டுக்கு ஆட்கள் கூடினார்கள். மண்டோர் வீரப்பன் எல்லார் பெயரையும் கூப்பிட்டு முடித்ததும் கிராணி முன்னால் வந்து நின்றார். பெட்டி, சிம்பு, தான் சொன்ன வார்த்தை, எழுதிய பொய், எல்லாவற்றையும் சொன்னார். கூட்டத்தில் ராமாத்தாள் ஐயையோ என்று வாயில் அடித்துக்கொண்டாள். ஐந்து வருஷமாக வேலாயி வீட்டு நிழல்கூடத் தன்மேல் படாமல் ஒதுங்கிப் போனவள் அவள்.

சொல்லி முடித்தாயிற்று என்று கிராணி தலையைத் தூக்கினார். வேலாயி வரிசையிலிருந்து வெளியே வந்தாள்.

"ஐயா, சுட்ட அன்னைக்கு அவுரு கையில ஒரு சிம்பு இருந்திச்சு. ஆபீசர் எங்கிட்ட காட்டி, இது என்னா, காட்டுக்காரனுக்கு அடையாளமான்னு கேட்டாரு. அவுரு வேல விசயம் வீட்டுல பேசமாட்டாரு. எனக்குத் தெரியலன்னு அழுதேன். ஒங்ககிட்டயும் காட்டுனாரா?"

கிராணி சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார்.

"காட்டினவர்."

"நீங்க என்னா சொன்னீங்க?"

மண்டோர்கூடத் தடியைக் கீழே இறக்கிவிட்டார்.

"தெரியாதெண்டு சொன்னனான்."

வேலாயி தலையை ஆட்டினாள். பிறகு கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக்காட்டுக்கு நடந்தாள். மற்ற நூற்றுச்சொச்சம் பேரும் அசையாமல் கிராணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.