உஷாராணி இன்னும் முடிக்கவில்லை

1

இந்தக் கதை என்னுடையதில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், பக்கத்து மேசையிலிருந்து எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டது என்றால், என் இலையில் ரசம் ஆறிக்கொண்டிருக்க, நாற்காலியைச் சற்றே பின்னுக்குத் தள்ளிக் கேட்டது. நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் எட்டிப் பார்க்க வேலி கிடையாது. அதனால் சாப்பாட்டுக் கடைக்குப் போகிறேன்.

அந்த மேசையில் இரண்டு பேர். ஒருத்தி உஷாராணி. போர்ட் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியின் அலுவலகத்தில் வேலை, நாற்பதை ஒட்டிய வயது. எதிரே ரவிசங்கர். காப்புறுதி முகவர், ‘பரமு அங்கிள் ரசிகர் குழு’வின் தலைவர். தலைவர் என்று அவரே இரண்டு தடவை சொல்லிக்கொண்டதால் நானும் எழுதுகிறேன்.

“எழுதிக் குடுத்துரு உஷா. நம்ம கார்த்திகா படிப்பா. குரல் நல்லாருக்கும்,” என்றார் ரவிசங்கர்.

“நா... நா...”

“நானே பேசுறேன்னு சொல்ல வர்ற. தெரியும்லா. ஆனா சாயந்தரம் அதே மண்டபத்துல ஒரு ரிசப்ஷன் இருக்கு. டைம் பத்தாது. கொஞ்சம் புரிஞ்சிக்க.”

உஷாராணி அப்பளத்தை நொறுக்கினாள். சாப்பிடவில்லை, நொறுக்கினாள். அந்த இடத்தில்தான் எனக்கு இந்தக் கதை பிடித்தது.

2

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. முதலில் எழுதியது இது:

‘கிள்ளானின் வானம் அன்று காகங்களால் கறுத்திருந்தது. மாபெரும் கலைஞன் ஒருவனின் மறைவுக்காக அவை’

அப்படியே நிறுத்திவிட்டேன். பரமு அங்கிள் என்கிற பரமேஸ்வரன் மாபெரும் கலைஞர் எல்லாம் இல்லை. வார நாளில் லோரி ஓட்டினார். சனி ஞாயிறில் கையில் ஒரு காக்காவை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம், பிறந்தநாள் வீடு, கோயில் திருவிழா என்று போனார். பொம்மையைப் பேச வைக்கிறவருக்கு உதடு அசையக் கூடாது. இவருக்கு நன்றாகவே அசையும். மீசையை வளர்த்து மறைத்துக்கொண்டார். கூட்டமும் பெரிய மனது பண்ணி மீசையைப் பார்க்காமல் காக்காவைப் பார்த்தது.

காக்காவின் பெயர் கோவாலு. கிழிந்த குடைத்துணியில் தைத்த உடம்பு, உடம்பு பூராவும் வாய்த்துடுக்கு. தலைமையாசிரியரைப் பார்த்து, “பாஸ், வயிறு வந்துருச்சு, நீங்க எப்ப வருவீங்க?” என்று கேட்கும். பரமேஸ்வரன் மன்னிப்புக் கேட்பார். காக்கா கேட்காது.

(இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: பரமேஸ்வரன் போன வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டார். அவருடைய முதலாண்டு நினைவுக் கூட்டத்துக்குத்தான் கடையில் அந்த வாக்குவாதம்.)

3

உஷாராணி தானே பேச வேண்டும் என்று அடம் பிடித்ததற்குக் காரணம் காப்பார் என்ற ஊரில் இருக்கிறது.

அங்கே ஒரு தமிழ்ப்பள்ளி. அப்போது அவளுக்கு எட்டு வயது. கோவாலு கூட்டத்துக்குள் மூக்கை நீட்டி, “பாஸ், ஒன் பேரு என்னா?” என்றது.

“உ... உ...”

“உஷா! உஷாராணி!” என்று மண்டபமே கத்தியது. கெட்ட எண்ணம் இல்லை. வீட்டில் அம்மா, கடையில் கடைக்காரர், பள்ளியில் டீச்சர், எல்லோரும் அவளுக்குச் செய்த உதவி அது. எட்டு வயது வரைக்கும் அவள் ஒரு வாக்கியத்தையும் சொந்தமாக முடித்ததில்லை.

கோவாலு மெதுவாகத் திரும்பியது. “நான் ஒங்கள கேட்டனா? அவ பேரு, அவ சொல்லட்டும். என்ன அவசரம், ஒங்கப்பன் லோரிய ஸ்டார்ட் பண்ணி வெச்சிட்டு வந்தானா?”

பிறகு பரமேஸ்வரனின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தது. மண்டபமும் காத்திருந்தது. பெயர் முழுசாக வந்து சேர்ந்தபோது, “நல்ல பேரு,” என்றது காக்கா. “சரி, மூக்கத் தொடச்சிக்க, ஒழுவுது.”

அந்த மூக்கைத்தான் உஷாராணியால் மறக்க முடியவில்லை. மற்றவர்களைக் கிண்டல் செய்த மாதிரியே அவளையும் செய்தது. பாவம் பார்த்து விட்டுவிடவில்லை.

[‘அவள் கண்கள் பனித்தன’ என்று இங்கே ஒரு வரி இருந்தது. கடையில் அவள் அழவில்லை. இதைச் சொல்லிவிட்டு மோர் கேட்டாள்.]

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் கழுத்து நரம்பு புடைக்கத் தேடிய சொல்லை நான் மூன்று புள்ளி வைத்து நொடியில் கடந்துவிடுகிறேன். ரவிசங்கருக்கு மண்டப நேரம், எனக்குக் கதைப் பக்கம். அவசரம் ஒன்றுதான்.

4

கூட்டத்துக்கு எனக்கு அழைப்பில்லை. துக்க வீட்டு முகத்தோடு நுழைந்தால் யார் தடுக்கப் போகிறார்கள்?

மேடையில் பரமேஸ்வரனின் படம், மாலையோடு. பக்கத்தில் ஒரு முக்காலியில் கோவாலு, அதற்கும் மாலை. நெற்றியில் சந்தனம், குங்குமம். முன்னால் இலை போட்டு வடை, பாயசம். அலங்காரம் தலைவருடையது. மரியாதைக் குறைவாக எதையும் செய்யத் தெரியாதவர்.

முன்வரிசையில் இருந்த பரமேஸ்வரனின் மனைவி தாயம்மாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “செத்தவங்களுக்குன்னு காக்காவுக்கு வெப்போம். காக்காவையே சாவடிச்சிட்டா யாரு வந்து திம்பா?”

பேசியவர்கள் நன்றாகத்தான் பேசினார்கள். ஷா ஆலமிலிருந்து வந்த விமலன், சின்ன வயதில் தன் பிறந்தநாளுக்கு ஒரு பிள்ளையும் வராததைச் சொன்னான். அவன் ஒருவனுக்காகக் காக்கா முழு ஆட்டத்தையும் ஆடியதாம், வராதவர்களைப் பெயர் சொல்லித் திட்டித் திட்டி. “கேக்கையும் பாதி தின்னுட்டுத்தான் போச்சு,” என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு கார்த்திகா ஒலிவாங்கியைப் பிடித்தாள். “அடுத்து, உஷாராணி அக்கா சார்பில்.”

உஷாராணி எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. தலைவரே எழுதிவிட்டார்.

“பரமு அங்கிளின் அன்பினால் என் திக்குவாய் பூரணமாகக் குணமடைந்து, இன்று நான் சரளமாக...”

உஷாராணி கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். இத்தனை காலமும் வாக்கியத்தை முடித்துக்கொடுத்தார்கள், இப்போது அவள் கதையையே முடித்துவிட்டார்கள். எழுந்தாள். மேடையேறினாள். ஒலிவாங்கிப் பக்கம் போகவில்லை. நேராகக் காக்காவிடம் போய், கழுத்து மாலையைக் கழற்றி முக்காலியில் வைத்தாள். துப்பட்டா நுனியால் அதன் நெற்றியை அழுத்தித் துடைத்தாள்.

வரிசைகளில் முணுமுணுப்பு. போட்ட மாலையை யாராவது கழற்றுவார்களா?

“இ... இ...”

“இறக்கி வெக்கணுமா?” என்றார் ரவிசங்கர்.

“இரங்கலா?” என்றது ஒரு வரிசை. “இட்டுக்கட்டினதாம்லா,” என்றது இன்னொன்று. அப்புறம் புதிர்ப்போட்டி மாதிரி ஆகிவிட்டது.

5

முடிவுகள் கைவசம் உள்ளன.

அ) அவள் கோவாலுவைக் கையில் மாட்டுகிறாள். காக்காவின் குரலில் திக்காமல் பேசுகிறாள். மண்டபம் கண்ணீரில் மிதக்கிறது. நீங்களும் இதைத்தானே எதிர்பார்த்தீர்கள்? நானும் எழுதினேன், நன்றாகவே வந்தது. கிழித்துவிட்டேன். அவளுக்கு வாய் இருக்கும்போது காக்கா வாய் எதற்கு?

ஆ) ரவிசங்கர் மனம் திருந்தி மன்னிப்புக் கேட்கிறார். ரவிசங்கரைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.

இ) நடந்தது.

உஷாராணி மேடைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோவாலுவை மடியில் வைத்துக்கொண்டாள், வெறும் துணியாக. ஒலிவாங்கியைக் கார்த்திகாவிடமிருந்து வாங்கினாள். கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

“நா... நான் ஒ... ஒங்கள... கே... கேட்டனா?”

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு பின்வரிசையில் விமலன் சிரித்தான். அந்த வரியைச் சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு, காப்பார் பிள்ளைகள் மாதிரி வாயை மூடிக்கொண்டார்கள்.

வாசலில் ரிசப்ஷன்காரர்கள் பூக்கூடைகளோடு நின்றார்கள். ரவிசங்கர் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

“ரவி, ஒக்காருப்பா,” என்றார் தாயம்மாள். எழுந்து போய்க் காக்கா இலையிலிருந்து ஒரு வடையை எடுத்துக் கடித்துக்கொண்டு வந்து அமர்ந்தார்.

உஷாராணி ஆரம்பித்தாள். “ப... ப...”

6

அந்தச் சொல் எனக்குத் தெரியும், அங்கே இருந்தேன். முழுசாகச் சொன்னாள். அதற்குப் பின்னால் நிறையச் சொன்னாள். பூக்கூடைகள் வாடும் வரைக்கும் சொன்னாள்.

எழுதித் தொலை என்கிறீர்கள். பரமு அங்கிள் என்பீர்கள், பயம் என்பீர்கள், பாசம் என்பீர்கள். உங்கள் நாக்கு அரிப்பது எனக்குத் தெரிகிறது. என் நாக்கும்தான்.

எழுத மாட்டேன். மூன்று புள்ளியும் இனி வைக்க மாட்டேன். இந்தப் பக்கத்தில் அவள் இன்னும் மேடையில்தான் இருக்கிறாள், மடியில் மாலையில்லாத காக்காவோடு, முதல் எழுத்தில். அவள் பேச்சு, அவள் சொல்லட்டும்.

உட்காருங்கள். என்ன அவசரம், ஒங்கப்பன் லோரிய ஸ்டார்ட் பண்ணி வெச்சிட்டு வந்தானா?