பூ வாடட்டும், வர்றேன்

பூக்கடை வைத்திருப்பவளுக்குப் பூ வாடினால்தான் பிழைப்பு. ஆனாலும் என் கையால் போன பூ அவசரமாகத் தலை தொங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. கெட்ட குணம்தான், என்ன செய்வது.

பக்கத்துக் கடைக்காரர் மூக்குக்கண்ணாடி விற்பவர். ஊருக்கெல்லாம் பார்வை சரிபார்ப்பார். சொந்தப் பெண்டாட்டி முகம் மட்டும் கண்ணில் படாது. அவள் ஆசையாக வளர்த்த தொட்டிச்செடிகளைத் தண்ணீர் காட்டாமல் ஒவ்வொன்றாகக் காயப்போட்டார். கடைசியில் கள்ளிச்செடியும் செத்தது. கள்ளிச்செடி! அதில் மூண்ட சண்டைக்குச் சமாதானமாக என்னிடம் டாஃபடில் என்கிற மஞ்சள் சீமைப்பூ ஒரு கொத்து வாங்கிப்போனார். அவள் அதை ஜாடியில் வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் ஜாடியும் கையுமாக வந்து நின்றார்.

"அக்கா, இது வாடவே கூடாது. வாடினா என் கதை கந்தல்."

"யாரு சொன்னா?"

"அவதான். 'பூ வாடட்டும், வர்றேன்'னா. பல்லைக் கடிச்சுக்கிட்டு சொன்னா."

எனக்கும் மிரட்டலாகத்தான் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு 'வர்றேன்' என்றால் உதை விழப்போகிறது என்றுதானே அர்த்தம்?

ஜாடியைப் பார்த்தேன். அழகுக்கு என்று நடுவில் ஒரு ரோஜாவையும் சொருகி வைத்திருந்தார். அது அதற்குள் மண்டையைப் போட்டிருந்தது.

"டாஃபடில் தண்டுல கோழை மாதிரி பால் வடியும், தம்பி. அது பக்கத்துல எந்தப் பூவும் பிழைக்காது. தனியாத்தான் வைக்கணும்."

"எங்க வீடு மாதிரின்னு சொல்லுங்க."

தண்டுகளைக் கொஞ்சம் நறுக்கி, பால் வடிந்து தீரும்வரை வேறொரு வாளியில் நிறுத்தினேன். பிறகு ஜாடியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீரில் என் கலவையைச் செய்து காட்டினேன். சர்க்கரை பூவுக்குச் சாப்பாடு. எலுமிச்சைச் சாறு, தண்ணீர் தண்டில் ஏறுவதற்கு. துணி வெளுக்கிற பிளீச் ஒரே ஒரு சொட்டு, தண்ணீர் அழுகாமல் இருக்க. "இனிமே தண்டை வெட்டாதீங்க, மறுபடி பால் வடியும். ராத்திரி குளிர்ச்சியான இடத்துல வைங்க" என்று அனுப்பினேன்.

மனுஷன் அப்படியே மாறிப்போனார். தண்ணீர் லேசாகக் கலங்கினால்கூட மாற்றினார். ஜன்னல் வெயில் படுகிறது என்று சாப்பாட்டு மேசையையே நகர்த்தினார். தினமும் காலையில் ஜாடியைப் போட்டோ எடுத்து, 'இன்னும் வாடலை' என்று எழுதி மனைவிக்கு அனுப்பினார். அவளிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. "கோபம் இறங்கலை அக்கா" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் ஒரு வாரம் தாண்டியும் பூ நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் என் கடையில் அவர் ஜாடியைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மனைவி. கை ஈரம் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"நான் வரவே வேணாமா?" எடுத்த எடுப்பிலேயே அழுகை.

"ஐயோ, நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"தினமும் சொல்றீங்களே! விடிஞ்சா போதும், 'இன்னும் வாடலை, இன்னும் வாடலை'ன்னு! பூ வாடினதும் வர்றேன்னுதானே சொல்லிட்டு வந்தேன்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன்.

"நீ... மிரட்டலையா?"

"மிரட்டினேனா? கள்ளிச்செடியையே கொன்ன ஆளு, ரெண்டே நாள்ல இதையும் கொன்னுடுவீங்க, திரும்பி வந்துடலாம்னு நம்பித்தான் சொன்னேன். உங்களுக்குப் பூவைக் காப்பாத்த இந்தத் தடவைதானா கிடைச்சுது?"

"இப்பவே கிளம்பி வா."

"எப்படி வர்றது? எங்க அக்கா எதிர்ல சொல்லிட்டேனே, பூ வாடினாத்தான் போவேன்னு. எனக்கும் மானம் ரோஷம் இல்லையா?"

அவர் ஈரக் கையோடு என் பக்கம் திரும்பினார். "அக்கா, இதை உடனே வாட வைக்க ஏதாவது மருந்து இருக்கா?"

"அதுக்கு எதுக்குத் தம்பி மருந்து?" என்றேன். "நீங்க பழையபடி பார்த்துக்குங்க, போதும்."

போனில் அழுகை நின்று, அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.